பேராசிரியர் காணாமல் போன துணைநூற்பட்டியல்

மலர், குமரா,

வருகிற மாதத்திலிருந்து கடையை நீங்கள் இருவரும்தான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். என் கழுத்து இனிமேல் திரை முன்னால் உட்கார ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தட்டச்சு, பிரிண்ட், பைண்டிங் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

மெஷின்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எந்த பட்டனைத் தட்டினால் என்ன வரும் என்று நீங்கள் எனக்கே பாடம் எடுப்பீர்கள். நான் பத்தாவது முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவன், அவ்வளவுதான். ஆனால் ஆய்வேடு கொண்டு வருகிறவர்கள் கடைசி நேரத்தில் எப்படி வந்து நிற்பார்கள், அப்போது நம் கை எதைச் செய்யத் துடிக்கும், எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பது கொஞ்சம் தெரியும். அதில் ஒன்றை எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் நான் பாதியில் சிரித்துவிடுவேன், நீங்கள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேர் நம் கடைக்கு வந்ததே பர்வீனால்தான். அப்போது நீங்கள் இருவரும் ஹாஸ்டலில் இருந்தீர்கள். பர்வீன் நம்மூர்ப் பெண், அவள் அப்பா ஜரிகை வியாபாரி. பாலாற்றங்கரை ஏரிகளை அந்தக் காலத்தில் யார் தூர் வாரினார்கள், மதகை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் கல்வெட்டுகளிலிருந்து எடுத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். திருமுக்கூடல் கோயிலுக்கு அவள் போகாத வாரம் கிடையாது. பஸ் கண்டக்டரே அவளைக் 'கல்லு படிக்கிற பொண்ணு' என்றுதான் சொல்வாராம்.

அதற்கு முன்னால் துணைநூற்பட்டியல் என்றால் நமக்கு வேப்பங்காய். அகர வரிசையில் அடித்து முடித்த பிறகு, ஆராய்ச்சிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, "இது ஒண்ணு விட்டுப் போச்சுங்க" என்பார். எல்லாவற்றையும் கீழே தள்ளி இடம் பண்ண வேண்டும். பர்வீன்தான் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து காட்டினாள்.

"அண்ணே, இதை ஒரு அலமாரி மாதிரி நினைச்சுக்கங்க. புத்தகத்தை எப்படி வேணா உள்ள போடலாம். வெளிய எடுக்கும்போது அதுவே அடுக்கிக் குடுக்கும்."

இணையத்தில் இருக்கிற கட்டுரை என்றால் அங்கேயே ஒரு கோப்பு கிடைக்கும். அதை இறக்கி உள்ளே விட்டால் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுதான் இம்போர்ட். ஆனால் தமிழ்ப் புத்தகம், சின்னப் பத்திரிகையில் வந்த கட்டுரை, பழைய அறிக்கை எல்லாம் அப்படிக் கிடைக்காது. அதற்கு நாமே வெறும் கோப்பு ஒன்றில், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அதற்குரிய குறியைப் போட்டுத் தட்டி, பிறகு உள்ளே அனுப்ப வேண்டும்.

அந்த வேலையை நம் செல்வியும் பர்வீனும் பங்கு போட்டுக்கொண்டார்கள். செல்வி அப்போதுதான் கடையில் தட்டச்சுக்குச் சேர்ந்திருந்தாள். வீட்டில் மாமனாரும் புருஷனும் பட்டுத் தறி போடுகிறவர்கள். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு. முதல் மூன்றும் செல்வி கடையில் அடித்தாள். மீதியைப் பர்வீன் தன் வீட்டில் அடித்தாள். நாலாவது அத்தியாயத்துக்கு மட்டும் எல்லாமே இணையத்தில் கிடைத்துவிட்டது, யாரும் எதையும் தட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆரம்பிக்கும்போதே செல்வி கேட்டாள்: "பர்வீன், உங்க சார் எழுதினது எதுமா? அதைக் குடு, முதல்ல போட்டுடலாம். பெரியவங்களை நடுவுல சொருகக் கூடாது."

"அது எப்படியும் அகர வரிசையில மாத்திடும்கா."

"அது மாத்திக்கட்டும். நம்ம கையால போடும்போது முதல்ல போடுவோம்."

பர்வீனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வாலாஜாபாத்தில் இருந்தார். ஓய்வு பெறுகிற வயது, கண்டிப்பானவர், ஏரிகளைப் பற்றிச் சின்னச் சின்னப் பத்திரிகைகளில் நிறைய எழுதியவர். ஆக, அத்தியாயத்துக்கு ஒன்றுக்கு மேல் இல்லாவிட்டாலும், எங்கெல்லாம் அவர் கட்டுரை உண்டோ அங்கெல்லாம் அவரே முதல்.

அடிக்குறிப்புகளைப் பர்வீன் முன்பே கையால் போட்டு முடித்திருந்தாள். கடைசியில் வருகிற துணைநூற்பட்டியலை மட்டும் சாஃப்ட்வேரிலிருந்து எடுத்தோம். ஒரு சொடுக்கில் பத்துப் பன்னிரண்டு பக்கம் அகர வரிசையில் வந்து விழுந்தது. செல்வி கை தட்டினாள். நான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பட்டியலை யாரும் உட்கார்ந்து படிக்கவில்லை. மெஷின் அடுக்கியதில் மனுஷன் என்ன பார்ப்பது என்று இருந்துவிட்டோம்.

அது ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை தவணை நீட்டித்தாகிவிட்டது, இன்னொரு முறை கிடையாது. ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள், ஆய்வேடு கொடுத்த சான்று காட்டினால்தான் சேர முடியும். எல்லாவற்றுக்கும் முதலில் சான்றிதழ்ப் பக்கத்தில் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெங்களூரில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்புகிறார்.

காலையில் பிரதியை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினவள் மத்தியானத்துக்குள் திரும்பி வந்தாள். ஆய்வேட்டை என் மேஜையில் வைத்தாள். சான்றிதழ்ப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"என்னம்மா, சார் ஊர்ல இல்லையா?"

"இருந்தாரு. முழுசாப் பார்த்தாரு. பின்னாடி பட்டியலைத் திருப்பினாரு. இன்னொரு வாட்டி திருப்பினாரு." அவள் சான்றிதழ்ப் பக்கத்தை மூடினாள். "ரொம்ப நல்லா வந்திருக்குதும்மா, என் பேர் இல்லாமலே இவ்வளவு நல்லா வந்திருக்குதுன்னா என் கையெழுத்து இல்லாமலும் நல்லாத்தான் வரும், போயிட்டு வாம்மான்னுட்டாரு."

செல்வி பட்டியலைப் பிடுங்கித் தேடினாள். அவர் பெயர் வர வேண்டிய எழுத்தில் அவருக்கு முன்னால் வருகிறவர் இருந்தார், பின்னால் வருகிறவர் இருந்தார். அவர் மட்டும் இல்லை. அத்தனை கட்டுரையில் ஒன்றுகூட இல்லை.

"நான் போட்டேனே. என் கையாலதான் போட்டேன்."

"நானும்தான்கா போட்டேன். ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிருந்தா சொல்லலாம். எல்லாமே இல்லைன்னா வேணும்னே எடுத்த மாதிரிதானே இருக்குது? போன மாசம் மூணாவது அத்தியாயத்துல அவருக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் வேற. அதை மனசுல வச்சுக்கினுதான் செஞ்சேன்னு நினைச்சுட்டாரு."

செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்பவே அவர் பேரை எல்லாம் கையால சேர்த்து அடிச்சுத் தரேன். நாலு மணி பஸ்ல போய்க் குடுத்துட்டு வா."

நம் கை துடிக்கும் என்று மேலே சொன்னேனே, அது இந்த இடம்தான். எனக்கும் அதுதான் தோன்றியது. பத்து நிமிஷ வேலை. பர்வீனும் அழ ஆரம்பிக்கிற மாதிரி இருந்தாள். ஆனால் ஏன் போனது என்று தெரியாமல் போனதை ஒட்ட வைத்தால், வேறு என்னென்ன போயிருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? பரீட்சை வைக்கிறவர் கண்ணில் வேறு ஒன்று பட்டால் அப்போது என்ன சொல்வாள்?

"செல்வி, கையை எடு," என்றேன். "அவர் மட்டும்தான் காணோமா, துணைக்கு வேற யாராவது காணோமான்னு முதல்ல பார்ப்போம்."

"அண்ணா, நேரம் போய்க்கினு இருக்குது."

"போகட்டும். மூணு பேர் இருக்கோம்."

பர்வீன் நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதி வைத்திருந்தாள். அட்டைகளைப் பிரித்துக்கொண்டு, ஒருவர் வாசிக்க ஒருவர் பட்டியலில் தேடினோம். எல்லோரும் இருந்தார்கள். கடைசியில் ஐந்தாவது அத்தியாயத்து அட்டையை நான் வாசித்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு துரை எழுதிய நீர்ப்பாசனக் கையேடு. செல்வி மேலும் கீழும் விரலை ஓட்டினாள்.

"துரையும் காணோம்ணா."

"நல்லாப் பாரு."

"இல்லைன்னா இல்லை. அவரு செத்து எவ்வளவு காலமாச்சோ. அவருக்கும் நமக்கும் இன்னா பகை?"

பர்வீன் அப்போதுதான் நிமிர்ந்தாள். அழப்போகிற சாயல் போய் முகத்தில் வேறு ஒரு களை வந்தது. ஒரு கல்வெட்டில் எழுத்து பிடிபடும்போது அவள் முகம் இப்படித்தான் ஆகும் போல.

"அஞ்சாவது அத்தியாயத்துல சார் கட்டுரை எதுவும் இல்லை," என்றாள் மெதுவாக. "அதனால துரையை முதல்ல போட்டேன். மத்ததுல எல்லாம் சார்தான் முதல். அப்ப காணாமப் போறது சார் இல்லை அண்ணே. முதல்ல இருக்கிறவங்க."

"நாலாவது?"

"நாலாவதுல முதல் ஆள் பத்திரமா இருக்குறாரு. அது நாம தட்டாத கோப்பு." அவள் செல்வியின் திரைப்பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். "அக்கா, உங்க கோப்பைத் திறங்க. நாம தட்டினதுல மட்டும் மேல என்ன இருக்குதுன்னு பார்ப்போம்."

செல்வி திறந்தாள். மூவரும் குனிந்தோம்.

எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், தனியாக ஒரு 'உ'.

"இது என்னக்கா?"

"பிள்ளையார் சுழி. அது இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது?" செல்விக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "எங்க வீட்ல புதுப் பாவு நூல் தறியில ஏத்தினாலும் சுழி போட்டுட்டுத்தான் அடுத்த வேலை."

பர்வீன் தன் கோப்பைத் திறந்தாள். அதன் முதல் வரியில் 786. பிஸ்மில்லாவுக்குப் பதிலாக அவர்கள் கடிதத்தின் தலைப்பில் எழுதுவதுதான். ஜரிகைக் கடை ரசீதிலும் பார்த்திருப்பீர்கள். எழுதுவது என்று உட்கார்ந்தாலே அவளுக்குக் கை தானாக அதைத்தான் முதலில் போடும்.

விஷயம் இதுதான். நாம் வைத்திருந்த சாஃப்ட்வேர் கோப்பின் முதல் வரியிலேயே தன் குறியை எதிர்பார்க்கும். அங்கே வேறு எதையாவது பார்த்தால் குழம்பி, முதல் நூலை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த நூலின் குறியிலிருந்து ஒழுங்காக எடுத்துக்கொள்ளும். எடுத்து முடித்ததும் ஒரு சின்னப் பெட்டி வந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் 'சரி' என்று தட்டி அதை மூடினோம்.

செல்விக்குத்தான் கோபம் தாங்கவில்லை. "தறியில ஒரு இழை அறுந்தா கண்ணுக்குத் தெரியுது. இது ஆளையே விழுங்கிட்டு வாயைத் தொடைச்சுக்கினு நிக்குது பாரு."

சுழியையும் எண்ணையும் எடுத்துவிட்டு மறுபடி உள்ளே அனுப்பினோம். பேராசிரியர் தன் எல்லாக் கட்டுரைகளோடும் வந்து உட்கார்ந்தார். துரையும் வந்தார். அட்டைகளை வைத்து மறுபடி ஒரு முறை சரிபார்த்தோம். எல்லாம் சரி.

ஆனால் கையெழுத்து இன்னும் வரவில்லை.

"இதைக் கொண்டு போய்க் குடுத்தா, திட்டின அப்புறம் சேர்த்துக்கினு வந்திருக்குறான்னு நினைப்பாரு," என்றாள் பர்வீன். "கம்ப்யூட்டர் தப்பு சார்னு சொல்லிடவா?"

"சொல்லாதம்மா. அதை ஊரே சொல்லுது, யாரும் நம்புறதில்லை. மடிக்கணினியை எடுத்துக்க. பழைய கோப்பு அப்படியே இருக்கட்டும், அதையும் எடுத்துக்க. எப்படிப் போச்சுன்னு அவரு கண்ணாலயே பார்க்கட்டும். நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை வாலாஜாபாத் போனோம். கூடத்தில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. பேராசிரியர் சாப்பாட்டு மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், ஆனால் பேப்பரை மடிக்கவில்லை.

"நீங்க யாருங்க?"

"தட்டச்சுக் கடைங்க. இந்த ஆய்வேடு எங்க கடையிலதான் ஆச்சு."

"ஓ. சிபாரிசுக்கு வந்தீங்களா?"

"இல்லைங்க. வேலையில ஒரு பழுது. அதைக் காட்டிட்டுப் போலாம்னு வந்தோம்."

அந்த 'காட்டிட்டு' என்ற வார்த்தையில்தான் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது என்று நினைக்கிறேன். ஆராய்ச்சிக்காரர்களுக்கு எதையாவது காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல வராது. பர்வீன் செல்வியின் கோப்பைத் திறந்து வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மேலே 'உ'. அதற்குக் கீழே அவர் பெயர். அடுத்த கோப்பு. 'உ', அவர் பெயர். அடுத்ததும் அப்படியே. பிறகு பர்வீனுடைய கோப்பு. 786, அதற்குக் கீழே அவர் பெயர்.

"எல்லாத்துலயும் என்னை முதல்ல போட்டிருக்குறீங்க."

"ஆமா சார். அதனாலதான் போயிட்டீங்க." பர்வீன் சாஃப்ட்வேர் செய்கிற காரியத்தைச் சொல்லி, அவர் கண் முன்னாலேயே ஒரு கோப்பை உள்ளே விட்டுக் காட்டினாள். அவர் காணாமல் போனார். 786-ஐ எடுத்துவிட்டு மறுபடி விட்டாள். வந்தார்.

"அந்த எண்ணை இன்னொரு வாட்டி போடு," என்றார்.

போட்டாள். மறுபடியும் போனார்.

"நான் மட்டும்தான் இப்படிப் போனேனா?"

"இல்லைங்க," என்றேன் நான். "கையேடு எழுதின துரையும் உங்க கூடத்தான் போயிருந்தாரு."

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகுதான் சத்தம் வந்தது. உள்ளே இருந்து அவர் மனைவி எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"இங்க வா," என்று மனைவியைக் கூப்பிட்டார். "பிள்ளையாருக்கு அடுத்து என்னை வச்சிருக்குறாங்க, அல்லாவுக்கு அடுத்தும் என்னைத்தான் வச்சிருக்குறாங்க. அவ்வளவு பக்கத்துல வச்சா மனுஷன் எப்படி இருப்பான்? மேல போயிட்டேன்."

அந்தம்மா காபி கொண்டுவந்தார்கள். முந்தின நாள் பர்வீனுக்கு அந்த வீட்டில் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை என்று அவள் பிறகு சொன்னாள்.

அவர் பேனாவை எடுத்தார். எடுத்தவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. புதிய பட்டியலைப் பக்கம் பக்கமாகத் திருப்பி, தன் பெயர் இருக்கிற இடத்தில் நின்றார்.

"ஏம்மா, மூணாவது அத்தியாயத்துல இந்தக் கட்டுரையை எங்க பயன்படுத்தியிருக்குற?"

பர்வீன் மூன்றாவது அத்தியாயத்தைப் புரட்ட ஆரம்பித்தாள்.

"மதகு பத்தின அத்தியாயம் அது. என் கட்டுரை ஏரிக்கரை மரங்களைப் பத்தி. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லை சார்."

"பின்ன எதுக்குப் போட்ட?"

"நீங்க எழுதினதுன்னு."

அவர் அந்த வரியை அடித்தார். அடுத்த பக்கத்தில் இன்னொன்றையும் அடித்தார். ஒரு மத்தியானம் முழுக்க நாங்கள் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவை.

"படிச்சு, எடுத்து, பயன்படுத்தினதை மட்டும் போடும்மா. எனக்கு மரியாதை பண்ணணும்னா வாசல்ல வணக்கம் சொல்லு, போதும். நேத்து நான் கோவிச்சுக்கினதும் தப்புதான். அத்தியாயத்தைப் படிச்சிருக்கணும், என் பேரைத் தேடியிருக்கக் கூடாது." இதைச் சொல்லிக்கொண்டே சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "மூணாவது அத்தியாயத்துல என் கூடச் சண்டை போட்ட இல்ல, அந்த இடம்தான் இதுலயே உருப்படி. அதை மாத்தாம விட்டியே, நல்லது."

திரும்புகிற பஸ்ஸில் பர்வீன் ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஐயம்பேட்டை தாண்டியதும், "அண்ணே, உருப்படின்னு சொன்னாரு இல்ல?" என்றாள். சொன்னார் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதையே கேட்டாள்.

கடைக்கு வந்து, அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு, கடைசிப் பக்கங்களைப் புதிதாக எடுத்துக் கோத்தோம். செல்வி ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வந்திருந்தாள். மறுநாள் பர்வீன் ஆய்வேட்டைக் கொடுத்தாள், பிறகு அந்த வேலையிலும் சேர்ந்தாள்.

செல்வி இன்றைக்கும் சுழி போடுகிறாள். கோப்புக்குள் இல்லை, கோப்பைத் திறப்பதற்கு முன்னால் மேஜை மேல் விரலால். நான் எதுவும் சொன்னதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். அவளை அதற்காகக் கிண்டல் பண்ணினால் பண்ணுகிறவர் அடுத்த டீ வாங்க வேண்டும் என்பது கடை வழக்கம்.

உங்களுக்கு நான் சொல்லிக்கொள்வது, அந்தச் சின்னப் பெட்டி வந்தால் மூடுவதற்கு முன்னால் படியுங்கள். இங்கிலீஷ் புரியாவிட்டால் யாரையாவது கேளுங்கள், அதில் வெட்கம் எதற்கு? பதற்றத்தோடு வருகிறவர் உங்களையும் பதற வைப்பார். அவருக்காகவாவது நீங்கள் ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். தப்பு நடந்த வேலை என்றால் வாயால் சமாதானம் சொல்லாமல், எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கோபத்தில் இருக்கிறவருக்கும் கண் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பர்வீனும் செல்வியும் கிளம்பின பிறகு கடையில் நான் மட்டும்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை. பட்டியல் கெட்டுப் போன முதல் பிரதி மேஜையில் கிடந்தது. பழைய பேப்பரில் போடுவதற்காகத்தான் கையில் எடுத்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆய்வேடுகள் இந்தக் கடையிலிருந்து போயிருக்கும். ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. எழுத்தைப் பார்த்தேன், வரியைப் பார்த்தேன், ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அவ்வளவுதான்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாடிக்கையாளர் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்து, முதல் அத்தியாயத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது பக்கத்தில் ஒரு சொல் புரியவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பர்வீனைக் கேட்க வேண்டும் என்று அதன் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.